புதுப் பானை வரும் முன் பழைய பானையை உடைக்கலாமா?



'தலைமை மாறினால் தயாரிப்பின் தரம் மாறுமா?' இதுதான் இன்று நம் முன் உள்ள கேள்வி. இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் நோக்கியா. பெயரைக் கேட்டதும் பலர் முகத்தில் புன்னகை! இங்குள்ள பலருக்கு முதல் கைத்தொலைபேசி நோக்கியாவாகத்தான் இருந்திருக்கும். கீழே விழுந்தால் மூன்று துண்டாகும். எடுத்துப் பொருத்தினால் மறுபடியும் மணி அடிக்கும்.

2007-ல் ஐபோன் வந்தது. அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசி வந்தது. நோக்கியாவின் சிம்பியன் மென்பொருளோ பொத்தான்களை மனத்தில் வைத்து வளர்ந்தது. தொடுதிரைக்கு அது எளிதில் வளைந்து கொடுக்கவில்லை. நிலைமையைச் சீராக்க 2010 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனத்திலிருந்து ஸ்டீபன் இலோப் என்ற கனடியரை அழைத்து வந்தார்கள். பின்லாந்துக்காரர் அல்லாத ஒருவர் நோக்கியாவுக்குத் தலைமையேற்றது அதுவே முதல் முறை.

2011 பிப்ரவரியில் அவர் ஊழியர்களுக்கு எழுதிய கடிதம் வெளியே கசிந்தது. நடுக்கடலில் தீப்பற்றி எரியும் எண்ணெய்க் கிணற்று மேடைக்கு அவர் தம் நிறுவனத்தை ஒப்பிட்டிருந்தார். மேடையில் நிற்பவன் குளிர்ந்த கடலில் குதித்தாக வேண்டும் என்பது அவர் வாதம். நோயை அவர் சரியாகவே சொன்னார். மருந்து கொடுத்த முறையில்தான் எனக்கு வருத்தம்.

அதே மாதம் 11-ஆம் தேதி, இனி எங்கள் திறன்பேசிகளில் மைக்ரோசாப்டின் விண்டோஸ் போன் மென்பொருளே முதன்மை என்று நோக்கியா அறிவித்தது. சிம்பியன் படிப்படியாக விலக்கப்படும் என்றும் தெரிந்துவிட்டது. ஆனால் முதல் லூமியா கடைக்கு வந்தது நவம்பரில்தான். இடையில் ஒன்பது மாதங்கள்! அதுவரை கடை அலமாரியில் இருந்த நோக்கியா திறன்பேசிகள் பெரும்பாலும் சிம்பியன்தானே? முதலாளியே 'இது பழசு' என்று சொல்லிவிட்ட பொருளைக் கடைக்காரர் எந்த முகத்தோடு விற்பார்? நீங்கள்தான் வாங்குவீர்களா?

சரி, நோக்கியாவின் வடிவமைப்பாளர்களுக்குத் திறமை வற்றிவிட்டதா? இல்லை என்பதற்கு நம் சிங்கப்பூரே சாட்சி. 2011 ஜூனில் என்9 என்ற திறன்பேசியை இங்குதான் அறிமுகம் செய்தார்கள். முன்பக்கத்தில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. திரையின் ஓரத்திலிருந்து விரலால் தள்ளினால் போதும், முகப்புக்குத் திரும்பலாம். ஐபோன் தன் முகப்புப் பொத்தானைக் கைவிட்டு விரல் தள்ளலுக்கு வந்தது 2017-ல், ஐபோன் டென் வெளியானபோது.

பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் என்9 ஓடிய மீகோ மென்பொருளுக்கு நிறுவனத்தில் எதிர்காலம் இல்லை என்பது அதற்கு முன்பே முடிவாகிவிட்டது. பிள்ளை பிறக்கும் முன்பே பெயரை அழித்துவிட்டார்கள்! அமெரிக்கா போன்ற பெரிய சந்தைக்கு அதை அனுப்பவும் இல்லை. அதே உடலமைப்பைத்தான் சற்று மாற்றி லூமியா 800-க்குக் கொடுத்தார்கள். உடல் நோக்கியாவுடையது, உயிர் மைக்ரோசாப்டுடையது. அதில் செயலிகள் குறைவு. 2012-ல் மைக்ரோசாப்ட் விண்டோஸ் போன் 8-ஐ அறிவித்தபோது, முதல் லூமியாக்களை வாங்கியவர்கள் அதற்கு மாற முடியாது என்றார்கள். நம்பி வாங்கியவருக்கு இரண்டாவது ஏமாற்றம்.

2013 செப்டம்பரில் கைத்தொலைபேசித் தொழிலையே 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசாப்டுக்கு விற்கும் முடிவு வந்தது. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை, வரி வழக்கினால் அந்த விற்பனையில் சேரவில்லை. மைக்ரோசாப்டும் அங்கு பொருள் வாங்குவதை நிறுத்தியதால் 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. கிராமங்களிலிருந்து வந்து, முதல் சம்பளத்தில் வீட்டைத் தாங்கிய ஆயிரக்கணக்கான இளையர்களுக்கு, அவர்களில் பெரும்பகுதி பெண்களுக்கு, வேலை போனது. எங்கோ ஐரோப்பாவில் எடுத்த முடிவு, நம் தங்கைகளின் சோற்றுத் தட்டு வரை வந்து சேர்ந்தது.

இன்னொரு பக்கம் பாருங்கள். அதே 2011 ஆகஸ்டில் ஆப்பிளிலும் தலைமை மாறியது. ஸ்டீவ் ஜாப்ஸ் விலகி, டிம் குக் பொறுப்பேற்றார். ஓடிக்கொண்டிருந்த ஐபோனை ஓடவிட்டு, படிப்படியாக மாற்றி, 2014-ல் பெரிய திரைக்கும் வந்தார். ஆப்பிள் பலத்தோடு இருந்தது, நோக்கியா சரிவில் இருந்தது. ஒப்பீடு முழுக்கச் சமமல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சரிவில் இருப்பவனுக்குத்தானே கைப்பிடி அதிகம் வேண்டும்?

ஆகவே என் பதில் இதுதான். தலைமை மாறினால் கைத்திறன் ஒரே நாளில் மாறாது. முதலில் மாறுவது நம்பிக்கை. வாங்குபவர் நம்பிக்கை, விற்பவர் நம்பிக்கை, செய்பவர் நம்பிக்கை. தந்தையின் மளிகைக் கடையை ஏற்கும் மகனாகட்டும், சங்கத்துக்குப் புதிதாக வந்த தலைவராகட்டும், புதுமை செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். புதுப் பானையில் சோறு வெந்து இறங்கும் வரை, பழைய பானையை அடுப்பில் இருக்க விடுங்கள்.