குளத்துக்கு வந்த நன்கொடை



நமது கிராமக் குளத்தைத் தூர்வாருவதற்கு, கடல் கடந்து வாழும் நம் மக்கள் நடத்தும் தரும நிதியமொன்று பொருளுதவி அளிக்க இசைந்துள்ளது. அச்செய்தியையும், ஏற்குமுன் நாம் விதித்த நிபந்தனையையும் உங்கள் முன் வைக்கவே இக்கூட்டம்.

கொடுப்போரன்றி வாங்குவோரும் நிபந்தனை விதிப்பதுண்டோ எனச் சிலர் வினவினர். விதித்தோம். காரணம் உண்டு.

நிதியத்தார் அனுப்பிய வரைபடத்திலே குளத்தின் அடித்தளம் முழுவதற்கும் கொங்கிறீற்று இடப்பட்டிருந்தது. கோடையிலும் நீர் நிற்கும் என்பது அவர்கள் எண்ணம். நல்லெண்ணந்தான். ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே நம் கைமுதல். அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அந்த நன்னீரையே இறைக்கின்றோம், குடிப்பதும் அதையே. துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு இளைப்பாறியது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அதற்கு ஓய்வில்லை. இறைப்பு மிகுந்து ஊறல் குறைந்தால் உவர் மேலேறும். ஆகவே நமது குளம் வெறுந் தொட்டியன்று. கிணறுகளுக்கு நீரூட்டும் வாய். அவ்வாயை அடைப்பதற்கு நன்கொடை எதற்கு?

இதனை எழுதி அறிவித்தோம். இரண்டு மாதம் மறுமொழி இல்லை. கைக்கு வந்த பணத்தைக் கெடுத்தோமென்று நம்மைக் குறை கூறினோரும் உளர். இப்போது அடித்தளம் மண்ணாகவே இருக்க இசைந்து கடிதம் வந்துள்ளது. பெயர்ப்பலகை மட்டும் வேண்டுமாம். இருக்கட்டும்; பலகையால் ஊற்று அடைபடாது.

தருமப் பணத்தைக் கையேற்பவர் அதற்கு உடைமையாளர் அல்லர். செவ்வையான கணக்கு வைத்திருப்பதை 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் கடமையாக்குகின்றது. எனவே வங்கியில் தனிக் கணக்கு, இருவர் கையொப்பம், மாதந்தோறும் வாசிகசாலைச் சுவரிலே வரவு செலவு. அள்ளும் வண்டல் விற்கப்படமாட்டாது. அயல் வயல்களுக்கே சேரும். யாருக்கு எத்தனை பாரம் என்பதைக் கமக்காரர் அமைப்புத் தீர்க்கட்டும். அச்சண்டையை வழக்கறிஞரிடம் கொண்டுவர வேண்டாம்.

எஞ்சியது ஒன்று. குளத்துக்கு வரும் வெள்ள வாய்க்கால் மூன்றிடங்களிலே வேலியாலும் மதிலாலும் மறிக்கப்பட்டுள்ளது. மறித்தோர் இக்கூட்டத்திலும் அமர்ந்திருக்கின்றனர், பெயர் சொல்லோம். நீதிமன்றத்தின் வழி நாம் அறியாததன்று. ஆனால் ஒரு வழக்கு முடியுமுன் பல மாரிகள் கடந்துவிடும். ஆவணி முதல் வாரத்தில் நில அளவையாளர் வருகின்றார். அதற்கு முன் எல்லையைத் தாமாகவே பின்னகர்த்த விரும்புவோர் இன்றே செயலாளரிடம் தெரிவிக்கலாம்.