குடியும் குடித்தனமும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான உபந்நியாசம்)



பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது. வில்லியனூர்ப் பக்கத்து வயல்களுக்கு ஊசுட்டேரி ஆதரவு. நிலமும் நீரும் இவ்வாறு வாய்த்திருந்தும், அறுவடை முடிந்த சில மாதங்களுக்குள்ளேயே சில வீடுகளில் அடுப்பு எரிவதில்லை. காரணம் யாவரும் அறிந்ததே.

விதைக்கும் உரத்துக்கும் சங்கம் கொடுத்த கடனில் ஒரு பங்கு முதல் நாளே சாராயக் கடைக்குப் போய்விடுகிறது. உரம் குறைய, விளைச்சலும் குறைகிறது. தவணை தவறியவனுக்குச் சங்கத்தில் மறுகடன் கிடையாது. பிறகு அவன் வட்டிக்காரனை நாடுகிறான். மனைவியின் தோடு அடகுக்குப் போகிறது. கறவை மாடு விலையாகிறது. கடைசியில் பிள்ளையின் படிப்பு நின்றுவிடுகிறது. குடிப்பவன் ஒருவன், தண்டம் செலுத்துவோர் வீட்டார் அனைவரும். அவனுக்கு ஜாமீன் நின்ற அண்டை வீட்டுக்காரனும் தப்புவதில்லை.

கணக்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் குடித்தால், வருஷத்துக்கு 36,500 ரூபாய். ஒரு கறவை மாட்டின் விலையில் பெரும்பகுதி இது.

1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அதன் பலனை ஆராய்ந்தவர்கள், ஏழைக் குடும்பங்கள் ஆகாரத்துக்கும் துணிக்கும் முன்னிலும் அதிகமாகச் செலவிட்டதைக் கண்டனர். 1948-இல் மதுவிலக்கு சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று. அப்போது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு அது வரவில்லை. 1954-இல் ஆட்சி மாறிய பின்பும் கடைகள் நீடித்தன. ஆகவே இங்கே குடும்பமும் சங்கமுமே காவலாக நிற்கவேண்டும். மலிவென்று கள்ளச் சாராயத்தை நாடுவது அதனினும் கேடு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

செய்யத்தக்கவை மூன்று. கடனைக் கூடியவரை ரொக்கமாக வாங்காமல், விதையாகவும் உரமாகவும் பெறுக. பால் பணத்தை மனைவியின் பெயரிலுள்ள கணக்கில் சேர்க்குக. மூன்றாவது மிக முக்கியம்: நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை உண்டாகக்கூடும், உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகையால் வைத்தியரின் மேற்பார்வையிலேயே நிறுத்தவேண்டும். கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு.

குடிக்கு அடிமையானவன் நோயாளி. அவனை ஏசுவதால் பயனில்லை. ஜாமீன் கையெழுத்திட முன்வரும் அங்கத்தினர், அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவும் முன்வருவாராக. அந்த வீட்டு அடுப்பு மீண்டும் எரியும். சங்கத்தின் தவணையும் ஒழுங்காக வந்து சேரும்.