மடிக்கணினியின் மின்பொத்தான்

(சங்க இளைஞர்களுக்கு நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் விரல் நுனியளவானது. மடிக்கணினியின் ஓரத்திலோ விசைப்பலகையின் மேற்புறத்திலோ, வட்டமும் சிறு கோடும் பொறித்த ஒரு பொத்தான் இருக்கின்றதே, அதைப் பற்றியே கதைக்கப் போகின்றேன். இன்று அமத்தினால் வேலை செய்கிறது. நாளை பத்து முறை அமத்தினாலும் அசைய மறுக்கிறது. நாளை மறுநாள் ஒன்றும் நடவாதது போல எழும்புகிறது. இந்த நோய்க்கு யாது செய்வது என்பதே கேள்வி.

இத்தனை சிறிய விஷயத்துக்கு ஒரு சொற்பொழிவு வேண்டுமா என்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் எண்ணக்கூடும். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர், பிள்ளைகளின் படிப்பில் ஒரு பெரும் பங்கு இந்தப் பெட்டிக்குள் வந்துவிட்டது. 2022 ஆம் ஆண்டில் ஒரு டொலரின் விலை ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேலே போனபொழுது, புதுக் கணினி வேண்டுவது பல வீடுகளுக்கு எட்டாத காரியமாயிற்று. ஆகவே இன்று எங்கள் பிள்ளைகளிற் பலர் பாவிப்பது அண்ணன் பாவித்த கணினி, அல்லது வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த பழைய கணினி. பழங்கணினியிலே பல்லாயிரம் தடவை அழுத்துண்ட பாகம் இப்பொத்தான். அது தளர்ந்ததும் “கணினி செத்துப் போச்சு” என்று முடிவுகட்டி, நல்ல இயந்திரத்தை அலுமாரிக்கு மேலே வைத்துவிடுகின்றோம். பெரும்பாலும் அது சாகவில்லை என்பதை எடுத்துக் காட்டவே இங்கு நிற்கின்றேன்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுச் சுவரில் இருக்கும் சுவிச்சு மின்சாரத்தை நேரே தொடுக்கும், நேரே துண்டிக்கும். 1981 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். கணினியிலும் அவ்வாறே பக்கவாட்டிற் சிவப்பு நிறமான பெரிய சுவிச்சு ஒன்று இருந்தது. அதைத் தட்டினால் மின்சாரம் அறுந்தே போகும். 1995 இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பை வகுத்ததோடு மேசைக்கணினிகளில் அந்த வழக்கம் மாறத் தொடங்கிற்று. இன்றைய மடிக்கணினியின் பொத்தானூடாகக் கணினியை இயக்கும் மின்சாரம் ஓடுவதில்லை. ஏறக்குறைய 3 வோல்ட் அளவான ஒரு மெல்லிய சமிக்ஞை மாத்திரமே அதிற் செல்கின்றது. உள்ளே, கணினி அணைந்திருக்கும் வேளையிலும் விழித்திருக்கும் ஒரு சிறு காவற் சில்லு உண்டு. பொத்தான் அதற்குச் சேதி சொல்கிறது; அச்சில்லுத்தான் மற்ற உறுப்புகளை எழுப்புகிறது.

படலையடியில் நின்று ஒருவர் “வீட்டுக்காரர்!” என்று கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறக்கவில்லை. ஏன்? கூப்பிட்டவருக்குத் தொண்டை அடைத்திருக்கலாம். அவர் நன்றாகக் கூப்பிட்டும், நீண்ட வளவைக் கடந்து குரல் போய்ச் சேராதிருக்கலாம். குரல் சேர்ந்தும், உள்ளே இருப்பவர் அயர்ந்து தூங்கலாம். அல்லது எழும்ப வலுவில்லாமற் கிடக்கலாம். பொத்தானின் கோளாறும் இப்படித்தான். பொத்தானே தேய்ந்திருக்கலாம், பொத்தானிலிருந்து தாய்ப்பலகைக்குப் போகும் நாடா போன்ற மெல்லிய கம்பித்தொடர் கழன்றிருக்கலாம், காவற் சில்லு மயங்கியோ மின்சாரம் இன்றியோ இருக்கலாம். எந்த இடம் என்று அறியுமுன் படலையைப் பிடித்து உலுப்புவதால் யாருக்கும் பயனில்லை. பலமாக அமத்துதல் என்பது அந்த உலுப்பல்தான். பொத்தானின் கீழே தகரக் குமிழி போன்ற ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. பெருவிரலின் பலத்தை அது கேட்பதில்லை, பலம் கூடினால் அமிழ்ந்து அப்படியே கிடந்துவிடும்.

இடத்தைக் கண்டுபிடிக்கும் வழிக்கு வருவோம். ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

சார்ஜரைப் பாருங்கள். “100–240 வோல்ட்” என்று அதன் மேல் அச்சிட்டிருக்கும். அயல்வீட்டில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் தொடங்கும்பொழுது மின்விளக்கு மங்குவதைக் கண்டு, கணினிக்கும் அதனால்தான் கேடு வந்தது என்று சொல்வார் உண்டு. அந்த மங்கலைச் சார்ஜர் தாங்கிக்கொள்ளும். கேடு செய்வது திடீரென ஏறும் மின்னழுத்தமும் இடிமின்னலுமே. மழை இருட்டிக்கொண்டு வரும்போது பிளக்கைக் கழற்றிவிடுவது பழைய வழக்கம், நல்ல வழக்கம். சார்ஜரைச் செருகியதும் கணினியின் ஓரத்துச் சிறு விளக்கு எரிகிறதா? எரிந்தால் மின்சாரம் வாசல்வரை வந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். எரியாவிடின், அதே அளவான வேறொரு சார்ஜரை இரவல் வாங்கிப் பார்த்த பிறகே பொத்தானைக் குறை சொல்லலாம்.

அடுத்ததாக, மயங்கிய காவற் சில்லைத் தெளிவிக்கும் வழி. சார்ஜரைக் கழற்றுங்கள். வெளியே எடுக்கக்கூடிய பற்றரியாயின் அதையும் எடுங்கள். பொத்தானை முப்பது வினாடி அளவு விடாது அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்னேற்றம் வடிந்துவிடும். பின்னர் சார்ஜரை மாத்திரம் செருகி, ஒருமுறை மெதுவாக அழுத்துங்கள். “செத்துப் போச்சு” என்று கொண்டுவரப்படும் கணினிகளிற் சில இந்த அரை நிமிட வைத்தியத்திலேயே எழும்பிவிடுகின்றன. காசு செலவில்லாத வைத்தியமாதலால் யாரும் இதை விளம்பரம் செய்வதில்லை!

எழும்பியும் திரை இருளாக இருப்பது வேறு நோய். விசிறி சுழலும் ஓசை கேட்கிறதா, விசைப்பலகையின் விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். கேட்டால், எரிந்தால், பொத்தான் தன் கடமையைச் செய்துவிட்டது. இருண்ட திரையின் மேல் ரோச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் திரையின் பின்விளக்கே பழுது. சில கணினிகள் ஒரு விளக்கைக் குறித்த எண்ணிக்கையில் மினுக்கியோ கூவியோ தம் நோயைத் தாமே சொல்லும். அந்த எண்ணிக்கையைத் துண்டில் எழுதிவைத்துக்கொண்டு திருத்துநரிடம் போனால் அவருக்கு அரைவாசி வேலை மிச்சம்.

இனிச் சொல்வது எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை. அதற்கு வேண்டியது ஞாபகம் ஒன்றே. உங்கள் கணினி, எப்படியோ ஒருமுறை எழும்பிவிட்டால், நாள் முழுதும் சலிக்காமல் வேலை செய்கின்றதா? உள்ளேயிருந்து “ரீஸ்ராட்” கொடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எழும்புகின்றதா? இரண்டுக்கும் “ஆம்” என்றால், வீட்டுக்காரர் திடமாகத்தான் இருக்கிறார். கூப்பிடும் குரலிலேதான் கோளாறு. மாறாக, வேலை நடுவிலே படுத்துவிடுகிறது, தொட்டால் அணைகிறது என்றால் பொத்தானை விட்டுவிட்டுப் பற்றரி, மின்வழி, தாய்ப்பலகை ஆகியவற்றை நோக்கிப் போகவேண்டும்.

இதற்கும் ஒரு புறநடை உண்டு. பொத்தானை நான்கு வினாடி தொடர்ந்து அழுத்தினால் கணினி வலுக்கட்டாயமாக அணைய வேண்டும் என்பது, 1996 இல் வெளியான ஏ.சி.பி.ஐ. என்னும் விதிக்கோவையிலேயே உள்ளது. ஆகையால், பொத்தான் அழுக்கினால் ஒட்டிக்கொண்டு அமிழ்ந்தபடியே கிடந்தால், கணினி எழும்பிச் சில வினாடியில் தானே படுத்துவிடும். சூட்டினால் அணைகிறது என்று விசிறியை மாற்றிக் காசு கொடுத்தவர்கள் இருக்கின்றார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பல்கலைக்கழக மாணவியின் கணினிக்கு, ஒரு கடையிலே, “மதர்போட் போய்விட்டது, திருத்துவதிலும் புதிது வேண்டலாம்” என்று தீர்ப்புச் சொல்லப்பட்டது. அந்தக் கணினி எழும்பிய நாட்களில் இரவு பன்னிரண்டு மணிவரை ஓடும் என்று அந்தப் பிள்ளை சொன்னாள். அந்த ஒரு சொல்லே போதும். இன்னொருவர் திறந்து பார்த்தபோது, நாடா அதன் பிடியிலிருந்து அரைவாசி வெளியே வந்திருந்தது. திரும்பச் செருகினார், கணினி எழும்பிற்று.

எங்கள் குடாநாட்டிலே இந்த நோய்க்கு ஊர்க் காரணங்களும் உண்டு. எந்தக் கிராமத்தில் நின்றாலும் கடலோ கடல்நீரேரியோ வெகு தூரத்தில் இல்லை. உப்புக் காற்றும் கார்த்திகை மார்கழி ஈரமும் சேர்ந்தால் செம்புத் தொடுகைகளிலே பச்சை பூக்கிறது. சோளகம் வீசும் மாதங்களிற் புழுதி. போதாக்குறைக்கு, சூட்டை விரும்பிச் சிற்றெறும்புகள் குடிபுகும். இவற்றுக்கு வீட்டிலே செய்யக்கூடியது அதிகமில்லை. பாவிக்காதபோது மூடி வையுங்கள், யன்னலோரத்தில் வையாதீர்கள், விசைப்பலகையின் மேல் தேநீர்க் கோப்பையை நீட்டாதீர்கள். திறந்து துடைக்கத் தெரிந்தவர் ஐசோபுரொப்பைல் அற்ககோலை, அதுவும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட தூய்மை உள்ளதை, பஞ்சு முனையிற் தொட்டுத் துடைப்பார். தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயை இதற்குள் விடலாகாது.

ஓர் அபாயத்தை மாத்திரம் அழுத்திச் சொல்ல வேண்டும். கணினியின் அடித்தட்டோ விசைப்பலகையோ நடுவிலே புடைத்திருந்தால், பற்றரி வீங்கியிருக்கின்றது. அந்த வீக்கம் மேலே தள்ளுவதாலும் பொத்தான் சரியாக அமியாது போகும். அப்படியான கணினிக்குச் சார்ஜரைச் செருகாதீர்கள். பற்றரியை அமத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். நேரே விஷயம் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

பொத்தானை மாற்றக் காசு சேரும்வரை எப்படிக் காலம் தள்ளுவது? கணினியை முழுதாக அணைக்காமல் “ஸ்லீப்” என்னும் உறக்கத்தில் வைத்தால், பெரும்பாலானவற்றை விசைப்பலகையைத் தட்டியோ மூடியைத் திறந்தோ எழுப்பலாம். “ஹைபர்னேற்” என்பது வேறு. அது முழுதாக அணைவதற்கு ஒப்பானது, திரும்ப எழுப்ப அநேகமாகப் பொத்தான் வேண்டும். உறக்கத்திலும் பற்றரி துளித்துளியாகக் கரையும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. அப்படியான நாளிலே பற்றரி வற்றிவிட்டால் கணினி முற்றாக அணையும், திரும்பவும் பொத்தானின் தயவை நாடவேண்டி வரும். பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்புப் பக்கத்திலே, சார்ஜரைச் செருகியதும் தானே எழும்பும்படியோ, மூடியைத் திறந்ததும் எழும்பும்படியோ ஒழுங்கு செய்யச் சில கணினிகளில் இடமுண்டு. உங்களுடையதில் அது இருந்தால் அதிர்ஷ்டம். கணினி எழும்பியிருக்கும் ஒரு நாளிலேயே அதைத் தேடிப் பாருங்கள், எழும்பாத நாளில் அந்தப் பக்கத்துக்குப் போக முடியாது.

எழும்பியிருக்கும் அந்த நாளிற் செய்யவேண்டிய முதல் வேலை வேறொன்று. பாடக்குறிப்பு, ஆய்வுக்கட்டுரை, அம்மம்மாவின் படம், காணி உறுதியின் பிரதி, எல்லாவற்றையும் வெளியே ஒரு யூ.எஸ்.பி. தட்டிலே பிரதி எடுங்கள். பொத்தானைத் திருத்துவது அதற்குப் பின்னர். ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைத்திருந்தால் என்னவாகும் என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. 1981 இல் எமது பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. அவற்றுள்ளே ஏடுகளும் வேறெங்கும் பிரதியில்லாத பழஞ்சுவடிகளும் இருந்தன. 2005 முதல் நூலகம் என்னும் இணைய நூலகத்தினர் எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்பிரதி செய்து வருவதை, அந்த இழப்பை அறிந்தவர்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

பொத்தான் முற்றாகவே செத்தாலும் உள்ளே உள்ள எழுத்துச் சாவதில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றேன். பெரும்பாலான மடிக்கணினிகளில் நினைவுத் தட்டைக் கழற்றி, சிறு உறையிலிட்டு, இன்னொரு கணினியில் யூ.எஸ்.பி. வழியாகப் படிக்கலாம். சிலவற்றில் அது தாய்ப்பலகையோடு ஒட்டிப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அப்பொழுது வழி கடினம். புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றிலே எழுத்துகள் பூட்டிடப்பட்டிருப்பதால், மீட்புத் திறவுகோல் எனப்படும் 48 இலக்கங்களும் வேண்டும். அதை இன்றே ஒரு கொப்பியில் எழுதி, கணினிக்குள் அல்லாமல் வேறோர் இடத்தில் வையுங்கள்.

1990 ஆம் ஆண்டுக்குப் பிந்திய வருடங்களில், மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள் என்றிருந்த காலத்திலே, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் இம்மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்கள் எறியாது வைத்திருந்த பழக்கம் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: கழற்றிய ஆணிகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு தாளின் மேல் நிரையாக வைப்பது. மடிக்கணினியின் அடித்தட்டிலே ஆணிகளின் நீளம் இடத்துக்கிடம் வேறுபடும். நீள ஆணியைக் குட்டையானதன் துளையில் முறுக்கினால் தாய்ப்பலகையைத் துளைத்துவிடலாம். திறக்கத் துணியும் தம்பிமார் இந்தத் தாளை மறவாதிருக்க.

உங்களிற் சிலர் கணினிகளைக் கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று செயலாளர் சொன்னார். சார்ஜர்களோடு முன்மேசைக்குக் கொண்டு வாருங்கள். வீங்கிய பற்றரி இருந்தால் அதைச் செருகாமல், முதலில் எனக்குச் சொல்லுங்கள்.