அறுகம்பை அலையும் எங்கள் கரையும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

டொக்டரைப் பேசக் கூப்பிட்டால் சீனி வருத்தம் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். பிரியாணி காத்திருக்கும்போது அது நியாயமில்லை. நான் கல்லையும் மண்ணையும் பற்றிப் பேசப்போகிறேன்.

வெளிநாட்டிலிருந்து வந்த சிநேகிதி ஒருவரை அறுகம்பைக்குக் கூட்டிப்போனேன். "இந்த அலை ஏன் இந்த இடத்தில் இவ்வளவு ஒழுங்காக உடைகிறது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கூட வந்த வழிகாட்டித் தம்பிக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்துதான் படித்தேன். தெற்கிலிருந்து வரும் அலை நிலமுனையைச் சுற்றி வளைந்து, ஆழம் குறைந்த இடத்தில் ஒரு பக்கமிருந்து மறுபக்கமாக உடைந்துகொண்டே போகிறது. அதற்குத் தெற்கே நிற்கும் யானைப் பாறை, விஜயன் தொகுதி எனப்படும் பழம்பாறை. ஏறத்தாழ 100 கோடி வருட வயது. இலங்கையும் இந்தியாவும் அந்தார்டிக்காவும் கொண்டுவானா என்ற ஒரே கண்டமாக ஒட்டியபோது, நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறிய கல். சறுக்க வருகிறவருக்கு இந்தக் கதை கிடைத்தால் இன்னொரு நாள் தங்குவார். அலை இல்லாத மாதங்களிலும் சொல்லலாம். மலேசியாவின் லங்காவி 2007இலேயே புவிப்பூங்காவாக அங்கீகாரம் பெற்றது. கல்லைக் காட்டியே ஊர் பிழைக்கலாம் என்பதற்கு அது ஒரு சாட்சி.

ஆனால் அழகானதை மட்டும் காட்டக் கூடாது. எங்கள் கரையில் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர, வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை அரித்தது. தென்னைகள் கடலில் விழுந்ததைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள்.

அடுத்தது சொல்லக் கஷ்டமானது. 2004 டிசம்பர் 26 அன்று நான் மருத்துவ மாணவி, விடுமுறைக்கு மருதமுனையில் மூத்தம்மா வீட்டில் இருந்தேன். முதலில் சிறிய அலையொன்று வந்து போனது. பிறகு கடல் பின்வாங்கியது. பிள்ளைகள் மீன் பொறுக்க ஓடினார்கள். சாச்சியின் மகளும் ஓடினாள். பத்து வயது.

அதே நாளில் தாய்லாந்துக் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி, இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் படித்ததை வைத்து ஆட்களை எச்சரித்துக் காப்பாற்றினாள். அங்கே முதலில் கடல் பின்வாங்கியது. நிலநடுக்கத்துக்கு மேற்கே இருந்த எங்களுக்கோ, கடல் ஏறித்தான் முதலில் வந்தது. ஆகவே "கடல் உள்வாங்கினால் ஓடு" என்ற பாடம் மட்டும் எங்களுக்குப் போதாது. எங்கள் கரைக்கு எங்கள் பாடம் வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். சுமாத்திராவிலிருந்து அலை வந்துசேரச் சுமார் இரண்டு மணித்தியாலம் ஆனது. அந்த நேரத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

என் கோரிக்கை சிறியது. கரையில் மூன்று தகவல் பலகைகள், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். உயர்தரத்தில் புவியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டிப் பயிற்சி. பிள்ளைகள் வாப்பா, உம்மாவோடு வந்து பயணிகளுக்குச் சொல்லட்டும். தங்கள் வீட்டிலும் சொல்லட்டும். முதல் பலகையின் செலவு என்னுடையது. எழுதித் தரப் புவியியல் படித்த இரண்டு பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள்.