ஒல்லியான உடம்பிலும் ஒளிந்திருக்கும் கொழுப்பு



"ஆள் ஒல்லியாகத்தானே இருக்கிறார், அவருக்கு எப்படி இனிப்பு நீர் வந்தது?" ஈப்போ புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது.

தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெரியவரை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை நிரையாகப் பால்மரம் சீவி, வாளிகளைக் காண்டாவில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தவர். ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அவரும் பட்டணத்து மலிவு விலை வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். நடை நின்றது. ஆனால் தட்டு நிறையச் சோறும், சீனி போட்ட தேநீரும் நிற்கவில்லை. கை கால் அன்று போலவே மெலிந்திருக்க, வயிறு மட்டும் சற்று முன்னே வந்துவிட்டது. அந்த வயிற்றுக்குள் இருப்பது என்ன என்பதுதான் இன்றைய பேச்சு.

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்றே சொல்லிவிடலாம்.

எடையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு நல்ல சாட்சி உண்டு. 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில், புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை அளவான பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. டெக்சா ஸ்கேன் எடுத்தபோதோ, யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடம்பில் 21.2 விழுக்காடு!

அதே ஆண்டு சென்னையில் டாக்டர் அஞ்சனா, டாக்டர் மோகன் குழுவினர் நீரிழிவு உள்ள 82 பேரையும், இல்லாத 82 பேரையும் சி.டி. ஸ்கேன் மூலம் ஒப்பிட்டார்கள். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடில்லை. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்புதான் நீரிழிவு உள்ளவர்களிடம் கூடுதலாக இருந்தது.

தோலுக்கடியில் இடம் போதாதபோது, மிஞ்சும் கொழுப்பு கல்லீரலில் படிகிறது. கல்லீரல் இன்சுலினின் சொல்லைக் கேட்க மறுத்து, இராத்திரி முழுவதும் சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. கணையத்திலும் கொழுப்பு படிந்தால், இன்சுலின் சுரப்பதே தளர்ந்துபோகிறது.

இதை எப்படி அளக்கிறார்கள்? அல்ட்ராசவுண்ட் படத்தில் கொழுப்பேறிய கல்லீரல் வெளுப்பாகத் தெரியும். செலவு குறைவு; ஆனால் கொஞ்சமாக உள்ள கொழுப்பு தப்பிவிடும். ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவி கல்லீரலின் கொழுப்போடு, அது எவ்வளவு இறுகிவிட்டது என்பதையும் சொல்லும். எம்.ஆர்.ஐ. தண்ணீரின் சமிக்ஞையையும் கொழுப்பின் சமிக்ஞையையும் தனித்தனியே பிரித்து, இத்தனை விழுக்காடு என்று கணக்குக் காட்டும். சுமார் 5 விழுக்காட்டைத் தாண்டினால் கொழுப்புக் கல்லீரல். இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கும் கணையத்தை அளக்கவும் அதுவே ஏற்றது.

இது அயல்நாட்டுக் கதை மட்டுமல்ல. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவக் குழு 557 நீரிழிவு நோயாளிகளை ஃபைப்ரோஸ்கேன் மூலம் பரிசோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டது. 72.4 விழுக்காட்டினருக்குக் கொழுப்புக் கல்லீரல். ஐவரில் ஒருவருக்குக் கல்லீரல் கடுமையாக இறுகியிருந்தது. மது தொடாதவருக்கும் கல்லீரல் கெடும் என்பதை நம்மவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. இங்கிலாந்தின் நியூகாசலில் பேராசிரியர் ராய் டெய்லர் குழுவினர், பருமன் இல்லாத 20 நீரிழிவு நோயாளிகளை மருத்துவக் கண்காணிப்பில் எடை குறைக்க வைத்தார்கள். 2023-இல் வெளிவந்த முடிவின்படி, 14 பேருக்கு மருந்தில்லாமலேயே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் கல்லீரலிலும் கணையத்திலும் கொழுப்பு குறைந்திருந்தது. அவர்கள் நோய் வந்து அதிக ஆண்டுகள் ஆகாதவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. நோய் முற்றியவர்களுக்கு அதே பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் எல்லாரும் கடன் வாங்கியாவது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? வேண்டாம். தையல் கடை அளவுநாடா ஒன்று போதும், முதலில். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் எட்டிவிட்டால் எச்சரிக்கை. சென்னை ஆய்விலும் இடுப்பளவு உட்கொழுப்போடு நன்றாகவே ஒத்துப்போனது. அடுத்து, கிளினிக்குக்குப் போகும்போது, "டாக்டர், என் கல்லீரல் எப்படி இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வயது, இரண்டு கல்லீரல் இரத்தப் பரிசோதனைகள், இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்தே முதல் கணக்கைப் போட்டுவிடலாம். சந்தேகம் இருந்தால்தான் ஸ்கேன்.

ஒன்று மட்டும் கவனம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அன்று அப்பா மரத்துக்கு மரம் நடந்தார், அது பிழைப்பு. இன்று அவரை மாலையில் பூங்காவுக்கு நடக்கக் கூட்டிப்போவது பிள்ளைகளின் கடமை. "நான் ஒல்லிதானே" என்று அவர் மறுத்தால், அளவுநாடாவை எடுத்துக் காட்டுங்கள்.