பெயரறியாச் சாவு: ஆட்டுக்கொல்லி நோயும் அரசூர் தந்த பாடமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் ஆட்டு நோய்க்கு என்ன வேலை எனும் ஐயம் சிலர்க்கு எழலாம். 'மாடு' எனும் சொல்லுக்கே செல்வம் என்று பொருள் தந்த மொழி தமிழ். ஐந்திணையுள் ஒன்றாகிய முல்லை, ஆயர்தம் மந்தையைச் சூழ்ந்தே அமைந்தது. 'மாட்டு வாகடம்' எனும் பெயரில் கால்நடை மருத்துவத்துக்கெனத் தனி நூல்வகையே இம்மொழியில் உண்டு. வெக்கை, அடைப்பான், சப்பை, கோமாரி, துள்ளுமாரி என நோய்தோறும் பெயரிட்டு வைத்தவர்கள் ஏட்டறிவு மிக்கவர்கள் அல்லர்; பட்டியில் விடியவிடியக் கண்விழித்த எளிய மக்கள். நோய்க்குப் பெயரிடுதலும் ஒரு சொல்லாக்கமே. அப்பெயர் பிழையாயின் மந்தையே அழியும் என்பதுதான் இவ்வுரையின் பொருள்.

உத்தரமேரூர் என்றவுடன் உலகோர் நினைவுக்கு வருவது வைகுந்தப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுகளாகும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை குடவோலை முறையை விளக்குகின்றன. குடத்தையும் ஓலையையும் போற்றாதார் இல்லை. ஆயினும் அவற்றில் உள்ள வேறொரு விதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் இடப்பெறக் கூடாது என்பதே அவ்விதி. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் வைத்துக் கணக்குக் கேட்ட ஊர் இது. அவ்வாரியங்களின் வரிசையில் கால்நடைக்கென ஒன்று காணப்படவில்லை. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும், சிற்றூரில் ஓர் ஆடு செத்தால் அதற்குக் கணக்கு எழுதுவார் அரியர். அக்கணக்கை எழுதும் துறையே கால்நடை நோய்க்குறியியல்.

வெக்கையும் முக்தேசுவரத்து ஆடும்

மாட்டினத்தைக் கருவறுத்த நோய்களுள் தலையாயது வெக்கை. கடுங்காய்ச்சல், வாய்ப்புண், கண்ணிலும் மூக்கிலும் சீழொழுக்கு, அடங்காத கழிச்சல் எனத் தொடங்கிச் சில நாட்களில் மாடு சாயும். 1761ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் உலகின் முதற் கால்நடை மருத்துவப் பள்ளி தோன்றுவதற்குக் காரணமாய் இருந்ததும் இந்நோயே. இந்தியாவிலும் இது சிற்றூர் சிற்றூராய்த் தொழுவங்களை வெறுமையாக்கியது. ஆங்கில அரசு அமர்த்திய ஆய்வுக்குழு 1871இல் இந்திய மாட்டுக் கொள்ளைநோய்கள் பற்றிய அறிக்கையை அளித்தது. 1889இல் புனேயில் நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் ஒன்று நிறுவப்பெற்றது. சில ஆண்டுகளில் அது குமாவோன் மலையிலுள்ள முக்தேசுவரத்துக்குப் பெயர்ந்தது. இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுவே.

அங்கே 1920களில் ஜே. டி. எட்வர்ட்சு என்னும் ஆய்வாளர் வெக்கைக் கிருமியை ஆட்டின் உடலில் செலுத்தினார். அந்த ஆட்டிலிருந்து எடுத்து மற்றோர் ஆட்டில் செலுத்தினார். இவ்வாறே தொடர்ந்து பன்னூறு ஆடுகள் வழியே அதைக் கடத்தினார். ஆட்டுக்குப் பழகப் பழக அக்கிருமி மாட்டைக் கொல்லும் வலுவை இழந்தது. காக்கும் ஆற்றலை மட்டும் இழக்கவில்லை. அந்த ஆடுகளின் மண்ணீரலிலிருந்து உருவான தடுப்பு மருந்தே பின்னர் நாடெங்கும் மாடுகளுக்குப் போடப்பெற்றது. தமிழகத்தில் 1932இல் இராணிப்பேட்டையில் தோன்றிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமும் தடுப்பு மருந்துப் பணியில் பெரும்பங்கு ஆற்றியது. 1954இல் வெக்கை ஒழிப்பு தேசியத் திட்டமாயிற்று. மாட்டைக் காக்க ஆடு உயிர் கொடுத்த வரலாறு இது. ஆனால் அந்த ஆட்டுக்கு வந்த நோயை எவரும் தனியே எண்ணிப் பார்க்கவில்லை என்பது வரலாற்றின் முரண்.

அரசூர்

தென்னிந்தியாவில் செம்மறியும் வெள்ளாடும் வெக்கையைப் போன்ற நோயால் கூட்டங்கூட்டமாய் மாள்வது நெடுநாளாகக் காணப்பட்டதுதான். அதற்கும் வெக்கை என்றே பெயர் எழுதப்பட்டது. பிழை என்று சொல்லவும் இயலாது. காய்ச்சல் ஒன்று, வாய்ப்புண் ஒன்று, கழிச்சல் ஒன்று. குருதியில் எதிர்ப்பொருளைத் தேடிய அந்நாளைய சோதனைகளும் இரண்டையும் பிரித்துக் காட்டத் திணறின. ஏனெனில் வெக்கைக் கிருமியும் ஆட்டைக் கொன்ற அக்கிருமியும் ஒரே குடும்பத்தின் உடன்பிறப்புகள். மனிதரின் தட்டம்மையும் நாயின் டிஸ்டெம்பரும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் 1942ஆம் ஆண்டிலேயே ஆட்டுக்கெனத் தனியாக இத்தகைய நோய் உண்டென்று எழுதப்பட்டிருந்தது. எனினும் அது தொலைநாட்டு நோய் என்றே இங்குக் கருதப்பட்டது.

1987இல் விழுப்புரம் வட்டாரத்து அரசூரில் செம்மறிகள் நோயுற்று மாண்டன. அந்த ஆடுகளிலிருந்து எடுத்த கிருமியைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எம். எஸ். ஷைலாவும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்தனர். கிருமியின் மரபுப்பொருளையே ஒப்பிட்டுப் பார்க்கும் முறைகள் கைவரத் தொடங்கிய காலம் அது. வந்தது வெக்கையன்று, ஆப்பிரிக்காவில் அறியப்பட்ட அந்த ஆட்டு நோயே என்பது புலனாயிற்று. 1989இல் அம்முடிவு வெளியாயிற்று. ஆட்டுக்கொல்லி நோய் எனத் தமிழில் இன்று வழங்கும் நோய் இந்தியாவில் முதன்முதல் உறுதிசெய்யப்பட்ட ஊர், இதே வடதமிழகத்து மானாவாரி மேய்ச்சல் நிலத்தின் சிற்றூர் ஒன்று.

பெயர் மாறினால் என்ன, சாவு சாவுதானே என்று வினவலாம். விடை இரண்டு. முதலாவது, ஆட்டைக் காக்க ஆட்டுக்குரிய தடுப்பு மருந்து வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பு மருந்து 'அரசூர் 87' எனும் பெயரையே தாங்கி நிற்கிறது. அப்பல்கலைக்கழகத்தின் மற்றொன்று 'கோயம்புத்தூர் 97'. முக்தேசுவரத்தில் உருவானது 'சுங்ரி 96'. ஊர்ப்பெயரும் ஆண்டும் சேர்ந்து மருந்தின் பெயராயின.

இரண்டாவது விடை இன்னும் ஆழமானது. வெக்கை ஒழிந்தது என்று உலகுக்குச் சொல்ல வேண்டுமானால், வெக்கை இல்லை என்பதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆட்டு நோய்க்கெல்லாம் வெக்கை என்று எழுதிக்கொண்டே இருந்தால் அக்கணக்கு என்றும் முடியாது. பிரித்தறியும் ஆற்றல் வந்தபின்னரே அக்கணக்கு நேராயிற்று. இந்தியாவில் வெக்கை கடைசியாகக் காணப்பட்டது 1995ஆம் ஆண்டில். அதன்பின் தடுப்பூசி போடுவதை நிறுத்தி, ஊர் ஊராகச் சென்று தேடி, இல்லை என்று மெய்ப்பித்து, 2006இல் இந்நாடு வெக்கைத் தொற்று நீங்கிய நாடெனும் ஏற்பைப் பெற்றது. 2011இல் உலகிலிருந்தே வெக்கை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்குப் பின் மண்ணிலிருந்து முற்றாக ஒழிக்கப்பெற்ற நோய் இதுவொன்றே.

உடலைத் திறந்து படித்தல்

நோய்க்குறியியலார் செத்த விலங்கின் உடலை ஓர் ஏட்டைப் போல் படிக்கின்றார். ஆட்டுக்கொல்லியால் மாண்ட ஆட்டின் உதட்டிலும் ஈறிலும் நாக்கின் அடியிலும் தவிடு ஒட்டியதுபோன்ற செத்த படலம் இருக்கும். அதனைத் துடைத்தால் அடியில் செம்புண் தெரியும். நுரையீரலின் முன்மடல்கள் கல்லீரல் போல் இறுகிக் கருஞ்சிவப்பாய் இருக்கும். நான்காம் இரைப்பையில் அரிப்புப் புண்கள் காணப்படும். பெருங்குடலைப் பிளந்தால் உட்சுவரின் மடிப்புகளின் மேல் குருதிக் கோடுகள் வரிசையாய் ஓடும். வரிக்குதிரையின் உடற்கோடுகளுக்கு இவற்றை ஒப்பிடுவது அத்துறையின் வழக்கம்.

கண்ணுக்குத் தெரிவது பாதி. நுரையீரல், குடல், நிணநீர்க்கணு ஆகியவற்றின் சிறு துண்டுகள் இருவகையாகச் சேகரிக்கப்படும். கிருமியைத் தேடுவதற்கான துண்டு பனிக்கட்டியில் செல்லும். திசுவின் அமைப்பைப் பார்ப்பதற்கான துண்டு பத்து விழுக்காடு பார்மலினில் ஊறும். பின்னர் அது மெழுகில் பதிக்கப்பெற்று, மயிரிழையினும் மெல்லிய சீவலாக வெட்டப்பெற்று, சாயமேற்றப்பெற்று நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்படும். அங்கே பல உயிரணுக்கள் ஒன்றோடொன்று கலந்து, பல உட்கருக்களைக் கொண்ட பேருருவங்களாய்த் தோன்றும். அக்காட்சி கிருமியின் குடும்பத்தைச் சுட்டும். அக்குடும்பத்தில் எது என்பதை மரபுப்பொருட் சோதனை சொல்லும்.

இந்த ஒழுங்கு ஏன் வேண்டும்? வாயில் புண் கண்டவையெல்லாம் ஆட்டுக்கொல்லி அல்ல. கொசுவினும் சிறிய கடிப்பூச்சி பரப்பும் நீலநாக்கு நோயிலும் வாய் புண்ணாகும், கோமாரியிலும் புண்ணாகும். மழைக்குப்பின் தளிர்ப்புல்லை மிகுதியாய் மேய்ந்த கொழுத்த குட்டி திடீரெனச் செத்தால் அது துள்ளுமாரியாய் இருக்கக்கூடும். ஒவ்வொன்றுக்கும் தடுப்பு வேறு, காலம் வேறு.

திறக்கவே கூடாத உடலும் ஒன்றுண்டு. நேற்று நன்றாய் மேய்ந்த ஆடோ மாடோ இன்று திடீரென மாண்டு, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருங்குருதி வடியுமாயின் அது அடைப்பானாய் இருக்கலாம். அவ்வுடலை அறுத்தால் குருதியிலுள்ள கிருமி காற்றுப்பட்டு வித்தாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். தோலுரித்தவரையும் கறி பங்கிட்டவரையும் தாக்கும். அங்கே மருத்துவர் ஒரு சொட்டுக் குருதியைக் கண்ணாடித் துண்டில் பூசி எடுப்பதோடு நிறுத்திக்கொள்வார். உடலை எரிப்பதும், ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைப்பதுமே முறை. படிப்பது போலவே, படிக்காமல் மூடுவதும் அத்துறையின் அறிவு.

கணக்குக் காட்டுதல்

காஞ்சிபுரம், செங்கற்பட்டு, திருவள்ளூர் வட்டாரங்கள் சென்னைச் சிவப்புச் செம்மறியின் தாயகம். அறுவடை முடிந்த கழனியில் கிடை போட்டு எருவேற்றுவதும், ஏரி வற்றிய தரையில் மேய்ப்பதும் உத்தரமேரூர்ப் பகுதியின் பழைய வழக்கம். நிலமில்லாதவர்க்கு நாலு ஆடுதான் நிலம். மகளின் படிப்புக்கும் மருத்துவச் செலவுக்கும் விற்றுக்கொள்ளும் பொன்னும் அதுவே. அத்தகைய வீட்டில் ஆடு தும்மி, மூக்கொழுகி, கழியத் தொடங்கினால் என்ன நடக்கிறது? செத்தால் ஒன்றும் தேறாது என்றஞ்சி, வந்த விலைக்கு அடுத்த சந்தையில் தள்ளிவிடுகின்றனர். செத்ததை ஏரிக்கரைப் புதரில் வீசுகின்றனர். ஆட்டுக்கொல்லி, நோயுற்ற ஆட்டின் மூச்சாலும் சளியாலும் கழிச்சலாலும் பக்கத்து ஆட்டுக்குத் தாவுவது. தொற்றிய நான்கைந்து நாட்களில் காய்ச்சல் தோன்றும். சந்தையில் கைமாறிய ஓர் ஆடு, அவ்வாரத்துக்குள் வேற்றூர்ப் பட்டி ஒன்றை வெறுமையாக்கப் போதும். விற்றவர் கொடியவர் அல்லர், வறியவர். ஆயினும் அவர் மறைத்த கணக்கை வேறொரு வறியவர் தீர்க்கின்றார்.

இதற்கு மாற்று அரியதன்று. மூன்று மாதம் கடந்த குட்டிக்குத் தோலடியில் ஒரு மில்லி தடுப்பு மருந்து போட்டால், பல ஆண்டுகள் காப்பு நிற்கிறது. புதிதாய் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுதல், நோய் கண்ட பட்டியைச் சந்தைக்கு அனுப்பாமை, இறந்ததைப் புதைக்குமுன் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புதல் ஆகிய மூன்றும் பணம் கேட்பவையல்ல, மனம் கேட்பவை. ஒரு சாவுக்குச் சரியான பெயர் கிடைத்தால், அண்டைப் பட்டிகளில் உயிரோடு இருப்பவற்றுக்கு உரிய ஊசி உரிய நேரத்தில் வந்து சேரும்.

ஆட்டுக்கொல்லியை 2030ஆம் ஆண்டுக்குள் உலகிலிருந்தே ஒழிக்க வேண்டுமெனும் குறிக்கோளை 2015இல் உலக நாடுகள் ஏற்றன. வெக்கைக்குச் செய்ததை ஆட்டின் நோய்க்கும் செய்யும் முயற்சி அது. மாட்டுக்காகப் பன்னூறு ஆடுகள் பட்ட கடனைத் திருப்பும் முயற்சி என்றும் சொல்லலாம். அம்முயற்சி தலைநகர ஆய்வுக்கூடங்களில் மட்டும் முடிவதன்று. இறுதிக் கணக்கு, ஏரிக்கரையில் விழுந்து கிடக்கும் ஆட்டினருகே நிற்பவர் வாய்திறந்து சொல்லும் சொல்லில்தான் தொடங்குகிறது.

பத்தாண்டுகளாகச் சொல்லைப் பேணி வரும் இவ்விலக்கிய வட்டம், ஊர்தோறும் முதியோர் நாவில் வாழும் கால்நடை நோய்ப் பெயர்களையும் அறிகுறிச் சொற்களையும் தொகுக்க முன்வருமாயின், மொழிக்கும் மந்தைக்கும் ஒருசேரத் தொண்டாகும். மருத்துவர் கேட்கும் வினாவும் மேய்ப்பவர் தரும் விடையும் ஒரே சொல்லில் சந்திக்க அத்தொகுப்பு வழிசெய்யும். கணக்குக் காட்டாதவர்க்குக் குடவோலையில் இடமில்லை என்று கல்லில் எழுதி வைத்த ஊரில் அப்பணி தொடங்குவதே முறை.

வட்டம் வளர்க! வாழ்க தமிழ்!