இரைவழி அறிதல்: வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்துச் சிறு விலங்குகள்



விலங்கைப் பாடும்போது அதன் இரையையும் சேர்த்துப் பாடுவது சங்கப் புலவர்களிடம் பலவிடத்தும் காணப்படும் வழக்கம். குறுந்தொகையில் நீர்நாய் வாளைமீனைப் பற்றுகிறது. வெருகு மனைக்கோழியை நாடி வருகிறது. ஓர் உயிர் எதை உண்கிறது என்று அறிந்தால், அது எங்கே வாழும், எவரோடு மோதும், எதனால் அழியும் என்பனவும் பெரும்பாலும் தெரிந்துவிடும். இந்தப் பழைய அளவுகோலைக் கொண்டு கோல சிலாங்கூர் ஆற்றங்கரையையும் அதன் உட்புறத் தோட்டங்களையும் இன்று காண்போம்.

முதலில் ஆறு. நம் தீபகற்பத்தின் அலையாத்திக் கரைகளில் இருவகை நீர்நாய்கள் உள்ளன. வழவழப்பான மயிருடைய பெரிய நீர்நாய் கூட்டமாக நீந்தி மீன் பிடிக்கிறது. காவிரியில் இன்றும் வாழும் நீர்நாயும் இவ்வினமே. மற்றொன்று, நகம் குறுகிய சிறிய நீர்நாய். அது விரல்களால் சேற்றைத் துழாவி நண்டையும் நத்தையையும் எடுத்துத் தின்கிறது. ஒன்றற்கு மீன், மற்றொன்றற்கு நண்டு என்று உணவு பெரிதும் பிரிந்திருப்பதால், ஒரே கரையில் இரண்டும் பகையின்றி வாழ முடிகிறது. 1987-இல் அமைந்த கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் சேற்றுக்கரை, இத்தகைய உணவு செழிக்கும் இடங்களுள் ஒன்று.

ஆற்றை விட்டு உள்ளே சென்றால் தோட்டங்கள் வருகின்றன. பெஸ்தாரி ஜெயா என்று இன்று வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில், பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் தென்னமரம் தோட்டம் உள்ளது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே 1917-இல் இங்கேதான் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவைத் தொடங்கினார். பால்மரம் நின்ற நிலங்களிலும் பிற்காலத்தில் செம்பனை பரவியது. அம்மாற்றம் விலங்குகளின் உணவையும் மாற்றியது. ஆண்டு முழுவதும் கொழுப்பு மிக்க பழம் குலைகுலையாகக் கிடைக்கும் நிலம், எலிக்கு என்றும் திறந்திருக்கும் களஞ்சியம்.

செம்பனைக் காட்டில் மிகுதியாக வாழ்வது மலாயா மர எலி. வெட்டிப் போட்ட மட்டைக் குவியல்களிலும் மரத்தின் கொண்டையிலும் அது கூடமைக்கிறது. பழத்தின் சதையைக் கொறிக்கிறது. அதன் உணவு பழத்தோடு நிற்பதில்லை. செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்க்கும் கூன்வண்டு 1981-இல் ஆப்பிரிக்காவின் கமரூனிலிருந்து கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் தோட்டத் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. உலர்ந்த ஆண்பூக்களில் வளரும் அவ்வண்டின் புழுக்களையும் எலி தேடித் தின்கிறது. எலியைக் கட்டுப்படுத்தாவிடின் எண்ணெய் விளைச்சலில் ஏறத்தாழ 5 விழுக்காடு இழப்பு நேரலாம் என்பது தோட்டத்துறையில் நெடுநாளாக வழங்கும் மதிப்பீடு.

எலி பெருகும் இடத்திற்கு எலியை உண்பனவும் வரும். அவற்றுள் முதன்மையானது சிறுத்தைப்பூனை. வீட்டுப்பூனை அளவே உள்ள இவ்விலங்கின் கழிவை ஆராய்ந்தவர்கள், அதில் பெரும்பகுதி எலி மயிரும் எலும்புமே என்று கண்டனர். சபாவில் நடந்த ஆய்வொன்று மேலும் ஓர் உண்மையைக் காட்டியது: இப்பூனை வேட்டைக்குச் செம்பனைக்குள் வருகிறது, ஓய்வுக்கும் குட்டி ஈனவும் அருகிலுள்ள காட்டையே நாடுகிறது. ஆற்றோரப் புதர்களையும் ராஜா மூசா போன்ற கரிச்சதுப்புக் காடுகளையும் அழித்துவிட்டால், எலியைத் தின்னும் பூனைக்குத் தங்குமிடம் இராது.

மூசாங் என்று மலாயில் வழங்கும் மரநாயின் உணவு இதனினும் விரிவானது. பழமே அதற்கு முதன்மை உணவு. பூச்சியும் எலியும் கிடைத்தால் அவற்றையும் உண்ணும். காப்பிப் பழத்தை விழுங்கிக் கொட்டையைச் சேதமின்றிக் கழிக்கும். காட்டு மரங்களின் விதைகளும் இவ்வாறே தாய்மரத்தை விட்டுத் தொலைவில் சென்று முளைக்கின்றன. கோழிக்கூண்டில் புகுந்த ஓர் இரவை வைத்தே மரநாயை எடைபோடும் நாம், அது விதை சுமந்த பிற இரவுகளையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

இரை செல்லும் இவ்வழியிலேயே நஞ்சும் செல்கிறது. தோட்டங்களில் முதலில் பயன்பட்ட எலிமருந்து வார்ஃபரின். 1980-களில் எலிகள் அதைத் தாங்கப் பழகிவிடவே, புரோடிஃபாக்கூம் போன்ற கடுமையான மருந்துகள் வந்தன. இவை இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்பவை. மருந்துண்ட எலி உடனே சாவதில்லை. சில நாள் தளர்ந்து திரிகிறது. தளர்ந்த எலியே வேட்டை விலங்கிற்கு எளிய இரை. எலியின் ஈரலில் தங்கிய நஞ்சு பூனைக்குள்ளும் ஆந்தைக்குள்ளும் சேர்கிறது. எலியோ ஆண்டில் பலமுறை ஈன்று விரைவில் மீள்கிறது. சில குட்டிகளையே ஈனும் சிறுத்தைப்பூனை அவ்வாறு மீள்வதில்லை. நஞ்சுக்குப் பின் எலிக்குப் பகை குறைந்துவிடுவதால் மறுபடியும் நஞ்சு தேவையாகிறது. கூகை ஆந்தைக்குக் கூடுவைத்து எலியைக் குறைக்கும் முறை தோட்டங்களிலும் செகிஞ்சான் வயல்களிலும் கையாளப்பட்டு வருகிறது. கடும் நஞ்சையும் அதே நிலத்தில் இட்டால் அம்முயற்சி வீணாகும்.

ஆசிரியப் பெருமக்களே, இவ்விலங்குகளை நன்கறிந்தவர்கள் விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற நம் முன்னோர். எந்தக் குலையை எது கடித்தது என்று பல்தடம் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் அவர்களிடையே இருந்தனர். தோட்டங்களை விட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், அவ்வறிவும் அதற்குரிய சொற்களும் ஏட்டில் ஏறாமலே மறைந்து வருகின்றன. மாணவர்கள் தத்தம் பாட்டன் பாட்டியரிடம் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: அவ்விலங்கை எப்பெயரிட்டு அழைத்தீர்கள்? அது எதைத் தின்னக் கண்டீர்கள்? விடைகளை ஊர்ப்பெயரோடும் தோட்டப்பெயரோடும் எழுதி வைத்தால், அது மொழிக்குச் சொற்களஞ்சியமாகும். உயிரியலார்க்கும் பயன்தரும் குறிப்பாகும். விலங்கையும் இரையையும் சேர்த்துப் பதிந்த புலவர் மரபில், நம் வகுப்பறைகள் செய்யத்தக்க பணி இது.